ஆள் மாறிய அணியை எடை போடுவது எப்படி? தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு கூடைப்பந்து கிளப். கோடைப் போட்டிகள் முடிந்ததும் அணியிலிருந்து மூன்று பேர் போய்விட்டார்கள். பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துத் திருச்சிக்குப் போயாச்சு. ரிங்குக்குக் கீழே நிற்கும் மூத்தவர் சிங்கப்பூர். பெஞ்சிலிருந்து முதல் ஆளாக இறங்குபவர் கல்யாணமாகித் திருப்பூர். வந்தவர்களும் மூன்று பேர்தான்: ஆறடி நாலங்குலத்தில் ஒரு கல்லூரி முதலாமாண்டுப் பையன், கோயம்புத்தூரில் படிப்பை முடித்து ஊர் திரும்பிய ஒரு த்ரீ பாயின்ட் ஷூட்டர், பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு கார்டு. காலாண்டு விடுமுறையில் போட்டி. "பேப்பரில் பார்த்தால் போன வருஷத்தைவிட பலம் அண்ணே, ஆனால் பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?" என்று கேட்கிறார் தம்பி.

பெரியவர்கள் சும்மா பிதுக்கவில்லை. நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதானால், அரைக் கோர்ட்டில் நின்று ஆடும் ஆட்டத்தில் உங்கள் பலம் கூடியிருக்கிறது. நம் பாதியிலிருந்து பந்தை மேலே, எதிரணிப் பாதிக்குக் கொண்டு வருவதிலும், முதல் ஐந்து பேரில் இரண்டு பேர் உட்காரும் நேரத்திலும் பலம் குறைந்திருக்கிறது. இப்படிப்பட்ட அணி முதல் நாள் பெரிய அணி ஒன்றைச் சாய்க்கும். மறுநாள் பேர் தெரியாத அணி ஒன்று ஓடி ஓடிப் பிரஸ் பண்ணினால், அதாவது கோர்ட் முழுக்க நெருக்கிப் பந்தைப் பறிக்கப் பார்த்தால், அதனிடம் தோற்கும்.

வந்த மூன்று பேரையும் போன மூன்று பேரையும் எதிரெதிரே எழுதி, உயரத்தையும் புள்ளியையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதுதான். ஆனால் எழுத வேண்டியது ஆட்களின் பெயரை இல்லை, அவர்கள் பார்த்த வேலையை. போனவர் கோர்ட்டில் என்னென்ன வேலை பார்த்தார், அந்த ஒவ்வொரு வேலையும் இனி யார் தலையில் விழும்? இதற்குப் பதில் எழுதினால் பாதி மதிப்பீடு முடிந்தது.

கார்டிலிருந்து ஆரம்பிப்போம், அங்கேதான் விஷயம் இருக்கிறது. "ஆட்டத்துக்கு எட்டுப் புள்ளிதான் எடுப்பார், அதை ஷூட்டர் ஈடுகட்டிவிடுவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டுப் புள்ளியை யாரும் ஈடுகட்டலாம், சரி. ஆனால் அவர் பார்த்த வேலையைச் சொல்லிப் பாருங்கள். எதிரணி கூடை போட்டதும் எண்ட் லைனிலிருந்து பந்தை வாங்குவது அவர். எட்டு விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டுவது அவர். எந்தப் பக்கம் ஆட்டத்தைத் தொடங்குவது, யாருக்கு ரொம்ப நேரமாகப் பந்தே போகவில்லை, 24 விநாடியில் இன்னும் எத்தனை மிச்சம் என்பதெல்லாம் அவர் தலையில்தான் ஓடும். எதிரணி தொடர்ந்து நாலு கூடை போட்டுவிட்டால் வேகத்தைக் குறைப்பதும், பெஞ்சைப் பார்த்து டைம் அவுட் கேட்கச் சொல்வதும் அவர்தான். இதில் எதுவும் ஸ்கோர் ஷீட்டில் ஏறாது. டேபிளில் உட்கார்ந்து ஷீட் எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன், அந்தத் தாளில் புள்ளியும் ஃபவுலும் டைம் அவுட்டும் இருக்கும். ஆட்டம் ஏன் அப்படிப் போனது என்பது இருக்காது.

இப்போது அந்த இடத்தில் பதினோராம் வகுப்புப் பையன். அவன் எப்படிப் பந்து தட்டுகிறான் என்று பார்க்காதீர்கள், இந்த வயதுப் பையன்கள் எல்லோருமே நன்றாகத் தட்டுகிறார்கள். பிரஸ் பண்ணும்போது பந்தை எங்கே வாங்குகிறான் என்று பாருங்கள். கூடை விழுந்ததும் பதறி மூலையை நோக்கி ஓடி வாங்கினால் அவன் கதை அங்கேயே முடிந்தது. முதுகுக்குப் பின்னால் எண்ட் லைன், பக்கத்தில் சைடு லைன், எதிரே இரண்டு ஆள். அனுபவப்பட்ட கார்டு ஃப்ரீ த்ரோ கோட்டை ஒட்டி நடுவில் வாங்கப் பார்ப்பார். வாங்கும்போதே இடுப்பு பாதி திரும்பியிருக்கும். கையில் பந்து வந்ததும் தரையில் ஒரு தட்டுகூடத் தட்டாமல் நடுக் கோட்டுப் பக்கம் ஒரு பார்வை, அப்புறம்தான் தட்டு. அந்த ஒரு பார்வை இல்லாமல் தலையைக் குனிந்து தட்ட ஆரம்பிக்கிற பையனை எந்தக் கோச்சும் இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்து, இரண்டு பேராகச் சேர்ந்து மடக்க ஆள் அனுப்பிவிடுவார்.

இதைச் சோதிக்கப் போட்டி வரை காத்திருக்க வேண்டாம். பயிற்சியில் உங்கள் ஐந்து பேருக்கு எதிரே ஏழு பேரை நிறுத்துங்கள். இருபது முறை பந்தை மேலே கொண்டு வரச் சொல்லி, எட்டு விநாடிக்குள் எத்தனை முறை சேதமில்லாமல் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை பறிபோனால் கவலை இல்லை, எதிரே ஏழு பேர் நிற்கிறார்களே. பாதிக்குப் பாதி போனால் உங்கள் அணியின் முதல் பலவீனம் இதுதான். உயரமான பையனும் ஷூட்டரும் அதை மறைக்க முடியாது. பந்து அவர்களிடம் போய்ச் சேர்ந்தால்தானே!

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடலாம். டீன் ஆலிவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் அணியின் வெற்றி தோல்வியை நாலு விஷயமாகப் பிரித்தார். எவ்வளவு நன்றாக ஷாட் விழுகிறது, எத்தனை முறை பந்தைத் தொலைக்கிறோம், தவறிய ஷாட்டில் எத்தனை ரீபவுண்டைத் திரும்ப எடுக்கிறோம், எத்தனை முறை ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகிறோம். அவர் தோராயமாகக் கொடுத்த எடை முறையே 40, 25, 20, 15. இந்த விகிதம் அங்கே உள்ள தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னது. நம் ஊர்ப் போட்டிகளில் பந்தைத் தொலைப்பதற்கு இன்னும் கூடுதல் எடை கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இங்கே பிரஸ் பண்ணும் அணிகள் அதிகம், அதைத் தாங்கும் கார்டுகள் குறைவு.

ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 60 ஷாட் எடுத்து 24 விழுந்தது, அதில் 6 மூன்று புள்ளி. ஃப்ரீ த்ரோ 16 கிடைத்து 10 விழுந்தது. ஆக 64 புள்ளி. எதிரணி போர்டில் நாம் எடுத்த ரீபவுண்டு 10, பந்தைத் தொலைத்தது 18 முறை. மொத்தம் எத்தனை முறை பந்து நம் வசம் வந்தது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. ஷாட்டுகளோடு ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கைக் கூட்டி, நம் அணி திரும்ப எடுத்த ரீபவுண்டைக் கழித்து, தொலைத்ததைக் கூட்ட வேண்டும். 60, 7, கழித்தல் 10, கூட்டல் 18. மொத்தம் 75 முறை. 64ஐ 75ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு 0.85 புள்ளி.

இதில் புதிய ஷூட்டரைப் போடுங்கள். ஆட்டத்துக்கு எட்டு மூன்று புள்ளி ஷாட் எடுக்கிறார். பழைய ஆள் 30 சதவீதம் போட்ட இடத்தில் இவர் 36 போடுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் ஒன்றரைப் புள்ளிக்கும் கீழே. இனி கார்டு மாறியதைப் போடுங்கள். 18 முறை தொலைத்தது 24 ஆகிறது. ஆறு முறை போனால் ஐந்து புள்ளி போச்சு. அதிலும் நடுக் கோர்ட்டில் பறித்த பந்து எதிரணிக்குச் சும்மா கிடைக்கிற லே-அப், அந்த நஷ்டம் இந்த ஐந்தில் சேரவே இல்லை. ஷூட்டரைக் கண்டு எல்லோரும் கைதட்டுகிறார்கள், பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள் என்றால், இரண்டு தரப்பும் பார்க்கிற இடம் வேறு.

உயரமான பையனைப் பற்றி எனக்கு நல்ல நம்பிக்கை. அதற்குக் காரணம் விதிகளில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இதைக் கவனிப்பதில்லை. அங்கே தடுக்கும் அணியின் ஆள், யாரையும் காவல் காக்காமல் ரிங்குக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, 2001-02 பருவத்திலிருந்து அது தவறு. நம் ஊரில் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி, அதில் இந்தத் தடை தடுப்பவர்களுக்குக் கிடையாது. பையன் நாற்பது நிமிஷமும் ரிங்கை அடைத்துக்கொண்டு நிற்கலாம். இன்னொன்று, ஷாட் போன பந்து ரிங்கில் பட்டுவிட்டால் ஃபிபாவில் அதைத் தட்டிவிடலாம், உள்ளேயும் தள்ளலாம். ஆறடி நாலங்குலம் சிவகங்கை மாவட்டப் போட்டிகளில் சாதாரண உயரம் இல்லை. ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்தைப் பிரித்துக் காக்கும் ஜோன் தடுப்பு ஆடி அவனை நடுவில் நிறுத்தினால், எதிரணி கார்டுகள் உள்ளே வரவே யோசிப்பார்கள்.

ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. எதிரணி ஷாட் கையை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் அவன் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால், அவனைவிட அரையடி குள்ளமான ஆள் முன்னால் புகுந்து பந்தை எடுத்துக்கொண்டு போவார். முதலில் தன் ஆளை முதுகால் முட்டிப் பின்னால் நிறுத்துகிறானா, அப்புறம் பந்தைத் தேடுகிறானா? பந்தைப் பிடித்ததும் கீழே இறக்குகிறானா, தாடைக்கு மேலேயே வைத்திருக்கிறானா? இறக்கினால் அடுத்த விநாடி சின்னப் பையன்கள் தட்டிவிடுவார்கள். பாஸ் வரும்போது கை மெத்தென்று வாங்குகிறதா, பலகையில் பட்டதுபோலத் தெறிக்கிறதா? ஒரே ஒரு மாலைப் பயிற்சியில் தெரிந்துவிடுகிற விஷயங்கள் இவை.

அப்புறம் ஃபவுல். என்பிஏயில் ஆறாவது ஃபவுலில்தான் வெளியே போவார்கள், நமக்கு ஐந்தே. முதலாமாண்டுப் பையன், கை நீளம், எதைக் கண்டாலும் பிளாக் பண்ண ஆசை. முதல் குவார்ட்டரிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டு உட்காருவான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவன் வாங்குவது அணிக் கணக்கிலும் ஏறும். ஒரு குவார்ட்டரில் நாலைத் தாண்டினால் அதன் பிறகு உங்கள் தடுப்பு ஃபவுல் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. எனவே அவனை மதிப்பிடும்போது எத்தனை புள்ளி, எத்தனை பிளாக் என்று கேட்காதீர்கள். ஃபவுலில் சிக்காமல் எத்தனை நிமிஷம் கோர்ட்டில் இருப்பான் என்று கேளுங்கள். இருபத்தைந்து நிமிஷம் தாங்கினால் அவன் உங்கள் பெரிய பலம். பன்னிரண்டு நிமிஷம் என்றால், மீதி இருபத்தெட்டு நிமிஷத்துக்கு அந்த இடத்தில் யார் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

சிங்கப்பூர் போன மூத்தவரைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், "வயசாயிடுச்சு, ஓட மாட்டார்" என்று. அவரை நானும் பார்த்திருக்கிறேன். ஓட மாட்டார், உண்மை. ஆனால் பின்னால் நின்று வாய் ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பார். "வலப்பக்கம் ஸ்கிரீன் வருது", "விடு, மாறிக்கோ", "நான் இருக்கேன், முன்னாடி போ". (ஸ்கிரீன் என்றால் காவல் காக்கிறவரின் வழியை மறித்து நிற்பது.) முன்னால் நிற்கிற கார்டுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது, பின்னால் நிற்பவருக்குத்தான் முழுக் கோர்ட்டும் தெரியும். என்பிஏயில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பாஸ்டன் செல்டிக்ஸ் 2006-07இல் 24 ஆட்டம்தான் ஜெயித்தது. கெவின் கார்னெட்டும் ரே ஆலனும் வந்த மறு வருஷம் 66 ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது. ஏற்கனவே அங்கே இருந்த பால் பியர்ஸோடு மூன்று நட்சத்திரம் சேர்ந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த வருஷத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது கார்னெட்டுக்குப் போனது, அணி மாறிய விதத்துக்கு அதுதான் சரியான விளக்கம். பின்வரிசையில் நின்று அவர் கொடுத்த குரலில்தான் மற்ற நாலு பேரும் நகர்ந்தார்கள். உங்கள் புதுப் பையன் வாயைத் திறக்கிறானா? முதலாமாண்டுப் பிள்ளை, சீனியர்களைப் பார்த்துக் கத்தக் கூச்சப்படுவான். "கோர்ட்டுக்குள்ளே அண்ணன் கிண்ணன் கிடையாது, கத்துடா" என்று கேப்டனே வாய்விட்டுச் சொன்னால்தான் அந்தக் கூச்சம் போகும்.

இனி ஷூட்டர். கோயம்புத்தூரில் கல்லூரி அணியில் ஆடியவர், உள்ளரங்கக் கோர்ட்டில் ஆடிப் பழகியிருப்பார். நம் பக்கம் திறந்த வெளி, சிமென்ட் தரை, இரவு விளக்கு. இப்போது ஆடி மாதம், காற்று எப்படி அடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 6.75 மீட்டரிலிருந்து கிளம்பிய பந்து ரிங்குக்குப் போவதற்குள் ஒரு சாண் நகர்ந்துவிடும். அதனால் இந்த மாதப் பயிற்சியில் அவர் தவறவிடுவதை வைத்துப் பெரிதாக முடிவு கட்ட வேண்டாம், விழுவதை வைத்தும் வேண்டாம். பார்க்க வேண்டியது, பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதை. ஒரே மூலையில் நின்று கை நீட்டிக்கொண்டு நிற்கிறாரா, ஸ்கிரீனைச் சுற்றி ஓடி வந்து தயாராக நிற்கிறாரா? எதிரணி அவரை ஒட்டியே காவல் போட்டால், அந்த ஆளை இழுத்துக்கொண்டு வெளியே போய் உயரமான பையனுக்கு இடம் திறந்துவிடுகிறாரா? போடாத நாளிலும் பயன்படுகிற ஷூட்டர்தான் அணிக்குப் பலம்.

அவர் தடுப்பு ஆடுவாரா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. இந்த மாதிரி மௌனம் எனக்குச் சந்தேகம். எதிரணி கோச் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அவர் காவல் காக்கிற ஆளிடமே பந்தைக் கொடுத்து ஸ்கிரீன் வைப்பார். ஒரு பக்கம் பன்னிரண்டு எடுத்து மறு பக்கம் பதினாலு விட்டால் கணக்கு என்ன ஆச்சு?

பேப்பர் பலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு என்பிஏயின் மயாமி ஹீட் அணியைவிட நல்ல பாடம் கிடையாது. 2010 கோடையில் டுவெய்ன் வேட் இருந்த அணிக்கு லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் வந்து சேர்ந்தார்கள். பேப்பரில் அந்த வருஷத்துக்கு அதைவிடப் பெரிய அணி இல்லை. முதல் 17 ஆட்டத்தில் 9 வெற்றி, 8 தோல்வி. காரணம் திறமைக் குறைவா? இல்லை. வேடும் லெப்ரானும் இருவருமே பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ரிங்கை நோக்கிப் போகிறவர்கள். ஒருவர் போகும்போது மற்றவர் சும்மா நிற்க வேண்டியிருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு பெரிய ஆட்கள், மற்ற வேலைகளுக்கு ஆள் குறைவு. அப்புறம் சுதாரித்து அந்தப் பருவத்தை 58க்கு 24 என்று முடித்தார்கள், ஆனால் இறுதிச் சுற்றில் டல்லாஸிடம் 4-2 என்று தோற்றார்கள். அடுத்த பருவத்தில் ஷேன் பாட்டியர் வந்தார். புள்ளி அதிகம் எடுக்காதவர், மூலையில் நின்று ஷாட் போடுவார், எதிரணியில் பலமான ஆளோடு முட்டிக்கொண்டு நிற்பார். பாஷை சென்டருக்கு நகர்த்தி எல்லோருக்கும் இடம் திறந்துவிட்டதும் 2012இல் ஓக்லஹோமா சிட்டியை 4-1 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். லேக்கர்ஸ் 2012இல் ஸ்டீவ் நாஷையும் டுவைட் ஹோவர்டையும் சேர்த்த கதை இன்னும் மோசம். 45 வெற்றி, முதல் சுற்றிலேயே ஸ்பர்ஸிடம் 4-0. அதில் காயங்களுக்கும் பெரிய பங்கு உண்டு, முழுப் பழியையும் சேர்க்கை மேல் போட முடியாது.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்ல வேண்டும். 2023இல் பாஸ்டன் அணி மார்கஸ் ஸ்மார்ட்டை அனுப்பியபோது ரசிகர்கள் வருந்தினார்கள். முந்தைய வருஷம்தான் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர், அணியின் உயிர் மாதிரி. ஆனால் அதற்குப் பிறகு ஜ்ரூ ஹாலிடேவைக் கொண்டு வந்தார்கள். எதிரணிக் கார்டை மறிக்கிற அதே வேலையை, அதைவிட நிதானமாகச் செய்கிறவர். போர்ஸிங்கிஸ் வந்ததில் உயரமும் கிடைத்தது, தூர ஷாட்டும் கிடைத்தது. அந்த ஐந்து பேரில் தூரத்திலிருந்து போடத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. 64 வெற்றி, 2024 கோப்பை. ஸ்மார்ட் போனாலும் அவர் பார்த்த வேலை அணியை விட்டுப் போகவில்லை. உங்கள் அணியில் கார்டின் வேலை எங்கேயும் போய்ச் சேரவில்லை, உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

திருப்பூர் போன ஆறாவது ஆளை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஓர் ஆட்டம் 40 நிமிஷம், ஐந்து பேர், மொத்தம் 200 நிமிஷ உழைப்பு. முதல் ஐவரும் ஆளுக்கு 32 நிமிஷம் ஆடினாலும் 40 நிமிஷ உழைப்பு பெஞ்சுக்கு மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் அவர் ஒருவரே சுமந்தார் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. கார்டு உட்கார்ந்தால் கார்டு, ரிங்குக்குக் கீழே நிற்கும் போஸ்ட் உட்கார்ந்தால் போஸ்ட். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் நிற்பவர்களைத்தான் எல்லோருக்கும் தெரியும், சாம்பார் தீருமுன்னே அடுத்த வாளியோடு வருகிறவரை அவர் வராத அன்றைக்குத்தான் தேடுவோம். அதிலும் நம் பக்கப் போட்டிகளில் மூன்று நாள், நாலு நாள் தொடர்ந்து ஆட வேண்டும். சில இடங்களில் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முதல் நாள் 38 நிமிஷம் ஆடிய கால் மூன்றாம் நாள் தூக்காது. ஷாட் முன்பக்க ரிங்கில் இடித்துத் திரும்ப ஆரம்பித்தால், கையைக் குறை சொல்லாதீர்கள், கால் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே கெஸ்ட் பிளேயர் பற்றி ஒரு வார்த்தை. "மதுரையிலிருந்து ஒரு கார்டை அந்த நாலு நாளைக்கு மட்டும் கூப்பிடலாமா?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். போட்டி விதியில் இடம் இருந்தால் கூப்பிடலாம். ஆனால் கூப்பிடுகிறவர் பந்தை மேலே கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஒதுங்குகிற ஆளாக இருக்கட்டும். கெஸ்ட் என்று வருகிறவர்களில் பலர் முப்பது புள்ளி எடுத்துக் காட்டுவதற்கென்றே வருகிறார்கள். உங்கள் ஆட்கள் கை கட்டி நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பதினோராம் வகுப்புப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தே போட்டி முடிந்துவிடும். அடுத்த வருஷமும் உங்களிடம் கார்டு இருக்காது.

ஆட்கள் போவதைப் பற்றி அவ்வளவு வருத்தப்படுகிறீர்கள், அது தேவையில்லை. ரயில்வே, வங்கி, காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கத்தானே பெற்றவர்கள் பிள்ளைகளைக் கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள். பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு வருகிற இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அணியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் இங்கே! கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் ஆரம்பித்த வங்கி, முதல் நாளே காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் கிளை திறந்தார்கள். அந்தச் சட்டையை நம் ஊர்ப் பையன் ஒருவன் போட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆகவே ஆள் போவது உங்கள் கிளப்புக்கு வருஷா வருஷம் நடக்கப் போகிற விஷயம். போகிறவருக்குப் பின்னால் ஓர் ஆளை இரண்டு வருஷம் முன்பே தயார் செய்து வைப்பது மட்டும்தான் உங்கள் கையில்.

போட்டிக்கு முன் நட்பு ஆட்டங்கள் வைப்பீர்கள். அழகப்பா வளாகத்துப் பிள்ளைகளோடு ஆடுங்கள், புதுக்கோட்டை, திண்டுக்கல் அணிகளைக் கூப்பிடுங்கள். அதில் ஜெயித்தோமா தோற்றோமா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மயாமியின் அந்த 9க்கு 8ஐப் பார்த்து அணி தேறாது என்று எழுதியவர்கள்தான், ஜூன் மாதம் இறுதிச் சுற்றைப் பற்றி எழுத வேண்டி வந்தது. ஆடாத பையன் ஒருவனிடம் நோட்டைக் கொடுத்து, ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் கோர்ட்டில் நிற்கிற ஐந்து பேரின் பெயரையும் அந்த நேரத்து ஸ்கோரையும் எழுதச் சொல்லுங்கள். அவ்வளவுதான் வேலை. நாலைந்து ஆட்டம் ஆனதும் கூட்டிப் பாருங்கள். உயரமான பையன் இருக்கும்போது அணி எத்தனை முன்னே போனது, இல்லாதபோது எத்தனை பின்னே போனது என்று தெரியும். ஒரே ஆட்டத்துக் கணக்கை நம்ப வேண்டாம், யாரோ ஒருவனுக்கு அன்றைக்கு எல்லாம் விழுந்திருக்கும். நாலைந்து ஆட்டத்திலும் ஒரே கூட்டணி மட்டும் தொடர்ந்து பின்னே போகிறது என்றால் அதில் விஷயம் இருக்கிறது. பந்து பறிபோன ஒவ்வொரு முறைக்கும் எந்த இடத்தில் போனது என்பதையும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பாதிக் கோட்டுக்குப் பின்னாலா, முன்னாலா, அதுவே போதும்.

என்னைக் கேட்டால் ஆட்டத்தை ஷூட்டர் கையில் பந்தைக் கொடுத்துத் தொடங்குவேன். கல்லூரி அளவில் ஆடியவர், பதற மாட்டார். பதினோராம் வகுப்புப் பையன் பக்கத்தில் நின்று இரண்டாவதாக வாங்கட்டும். பிரஸ் வந்தால் இரண்டு கையில் மாறி மாறி வரட்டும், ஒரே ஆளை நம்பி வேண்டாம். பையனுக்கு இரண்டாம் குவார்ட்டரில் ஆறு ஏழு நிமிஷம் தனிப் பொறுப்பு கொடுங்கள். பறிகொடுத்தாலும் உடனே வெளியே இழுக்காதீர்கள். அப்படி இழுத்தால் அடுத்த முறை பந்தைக் கேட்கவே பயப்படுவான். உயரமான பையன் முதல் பாதியில் இரண்டாவது ஃபவுல் வாங்கியதும் வெளியே எடுத்துவிடுங்கள், மூன்றாம் குவார்ட்டருக்கு அவன் வேண்டும். தடுப்பில் ஜோன் போதும், மேன் டு மேன் ஆடுகிற அளவுக்கு உங்கள் புது ஐவர் இன்னும் ஒருவருக்கொருவர் பேச ஆரம்பிக்கவில்லை. முதல் பாதியின் இரண்டு டைம் அவுட்டில் ஒன்றைப் பிரஸ்ஸுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதி முடிந்தால் மிச்சம் அடுத்த பாதிக்கு வராது, சேர்த்து வைத்து ஒரு பயனும் இல்லை.

ஏழு பேரை நிறுத்திச் செய்யும் அந்தச் சோதனையை இந்த வாரமே செய்துவிட்டு, இருபதுக்கு எத்தனை என்று எழுதுங்கள். பதினாலுக்கு மேல் வந்தால் மேலே சொன்னதில் கார்டு பற்றிய பயத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பத்துக்குக் கீழே வந்தால் மதுரை ஆளைக் கூப்பிடுவதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.